அலைக்கற்றையை எப்படிப் பங்கிடுவது? நூறாண்டு விவாதத்தின் நிலவரம்

செல்போன் சேவைக்கான அலைக்கற்றையை அரசு யாருக்கு, எந்த முறையில், என்ன விலைக்குக் கொடுக்க வேண்டும்? வானொலி வளரத் தொடங்கிய காலத்திலேயே எழுந்த கேள்வி இது. 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி என ஒவ்வொரு தலைமுறை வரும்போதும் புதிதாய் எழுகிறது. 6ஜிக்கு உதவக்கூடிய அலைவரிசைகளை 2027-இல் கூடும் உலக வானொலித் தொடர்பு மாநாடு ஆராய இருப்பதால் இப்போதும் எழுந்திருக்கிறது.

தமிழ் வாசகர்களில் பலருக்கு இந்தக் கேள்வி '2ஜி வழக்கு' என்ற வடிவில்தான் அறிமுகம். அந்த வழக்கு விவாதத்தை ஊழலா இல்லையா என்ற ஒற்றைக் கோட்டில் நிறுத்திவிட்டது. ஆனால் இதற்கு உலகம் ஐந்தாறு விதமான விடைகளை முயன்று பார்த்திருக்கிறது. ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய முறையின் குறையிலிருந்து பிறந்தது. தன் பங்குக்கு ஒரு புதுக் குறையையும் கொண்டுவந்தது. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறின என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருளின் தன்மை

அலைக்கற்றை நிலக்கரிபோல எடுக்க எடுக்கத் தீர்வதில்லை. அதே சமயம், ஒரே இடத்தில் ஒரே அலைவரிசையை இருவர் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தினால் குறுக்கீடு ஏற்பட்டு இருவர் சேவையும் கெடும். பங்கீடு தேவைப்படுவது இதனால்தான்.

எல்லா அலைவரிசையும் ஒன்றல்ல. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை நெடுந்தூரம் செல்லும், சுவரை ஊடுருவும். குறைந்த டவர்களைக் கொண்டு பரந்த கிராமப்புறத்தை எட்டலாம். 3300 மெகாஹெர்ட்ஸ் நகரத்து நெரிசலுக்கு ஏற்றது. 26 கிகாஹெர்ட்ஸ் ஏராளமான தரவைச் சுமக்கும். ஆனால் சில நூறு மீட்டர்களிலேயே வலுவிழந்துவிடும். ஆகவே எந்த அலைவரிசை, எந்த வட்டத்தில் (உரிமத்துக்காகப் பிரித்த சேவைப் பகுதியில்), எத்தனை ஆண்டுக்கு என்று சொல்லாமல் 'அலைக்கற்றையின் விலை' என்று பேசுவதில் பொருளில்லை.

இன்னொரு தன்மையும் உண்டு. இன்று பயன்படாமல் கிடந்த அலைக்கற்றையை நாளைக்கென்று சேமித்துவைக்க முடியாது. கனிமம் பூமிக்குள் காத்திருக்கும். அலைக்கற்றையின் ஒரு நாள் போனால் போனதுதான். எந்தப் பங்கீட்டு முறையை மதிப்பிடும்போதும் காலதாமதத்தை இழப்புக் கணக்கில் சேர்க்க வேண்டியது இதனால்தான்.

அரசே தீர்மானித்த காலம்

டைட்டானிக் மூழ்கிய 1912-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா வானொலி உரிமச் சட்டம் கொண்டுவந்தது. 1920-களின் நடுவில் ஒலிபரப்பு நிலையங்கள் பெருகி ஒன்றையொன்று இடைமறித்தபோது 1927-இல் புதிய சட்டம் வந்தது. 1934-இல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் உருவானது. அலைவரிசை அரிது, ஆகவே பொதுநலனை எடைபோட்டு அரசுதான் பங்கிட வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை. 1943-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

இந்த வாதத்தின் அடித்தளத்தைக் கேள்விக்கு உட்படுத்தியவர்கள் இருவர். 1951-இல் லியோ ஹெர்சல் என்ற சட்ட மாணவர், அலைவரிசையை அதிக விலை தருவோருக்கு விடலாம் என்று எழுதினார். 1959-இல் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் அதை முழுக் கோட்பாடாக்கினார். நிலமும் உழைப்பும் உலோகமும்கூட அரிதானவைதாம். அவற்றை விலை பங்கிடும்போது அலைவரிசைக்கு மட்டும் ஏன் ஆணையம் என்று கேட்டார். உரிமைகளின் எல்லையைத் தெளிவாக வரையறுத்துவிட்டால் குறுக்கீட்டுச் சிக்கலைப் பேரம் பேசியே தீர்க்கலாம் என்பது அவர் வாதம். இது வேடிக்கையா என்று ஆணைய உறுப்பினர் ஒருவர் தம்மைக் கேட்டதாகக் கோஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அமெரிக்கா முதல் அலைக்கற்றை ஏலத்தை நடத்த அதன்பின் 35 ஆண்டுகள் ஆயின.

தகுதி பார்த்துக் கொடுத்தல்

விண்ணப்பதாரர்களின் திட்டம், நிதிவலு, வாக்குறுதி ஆகியவற்றை ஒப்பிட்டுச் சிறந்தவருக்கு உரிமம் தருவது ஒப்பீட்டுத் தேர்வு. நிறுவனங்களின் பணம் கட்டணத்துக்குப் போகாமல் கட்டமைப்புக்குப் போகும் என்பது இதை ஆதரிப்போர் வாதம். பின்லாந்து 1999-இல் 3ஜி உரிமங்களை இவ்வாறு இலவசமாகவே கொடுத்தது. ஜப்பான் 5ஜி வரையிலும் ஏலத்தை நாடாமல் இதே வழியில் சென்றது. சீனா நிர்வாக முடிவாகவே 2019 ஜூனில் நான்கு நிறுவனங்களுக்கு 5ஜி உரிமம் வழங்கி, பிரம்மாண்டமான வலையமைப்பைக் கட்டியெழுப்பியது. ஏலம் இல்லாவிட்டால் வளர்ச்சி இல்லை என்று சொல்ல முடியாது என்பதற்கு இவை சான்று.

பலவீனத்தைக் காட்டுவது ஸ்வீடன். 2000 டிசம்பரில் முடிந்த 3ஜி தேர்வில், நாட்டின் பழம்பெரும் நிறுவனமான டெலியாவுக்கே உரிமம் கிடைக்கவில்லை. வென்றவர்கள் 2003 முடிவுக்குள் மக்கள்தொகையில் ஏறத்தாழ முழுப் பங்குக்கும் சேவை தருவதாக வாக்களித்திருந்தனர். கெடு தவறியது, உரிமம் பெற்ற ஆரஞ்சு நிறுவனம் நாட்டைவிட்டே விலகியது. வாக்குறுதிக்குப் பரிசு தரும் தேர்வில் பெரிதாக வாக்களிப்பவரே வெல்கிறார். பிறகு அதை நிறைவேற்றவைக்கும் சுமை கட்டுப்பாட்டு ஆணையத்தின் தலையில் விழுகிறது. மதிப்பெண் போட்டவரின் நடுநிலை குறித்த ஐயமும் நீங்குவதில்லை. இந்தியாவின் பெருநகரச் செல்போன் உரிமங்களுக்கு 1992-இல் தொடங்கிய இத்தகைய தேர்வு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அந்த டாடா செல்லுலார் வழக்கின் 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அரசு டெண்டர்களில் நீதிமன்றம் எவ்வளவு தலையிடலாம் என்பதற்கு இன்றும் மேற்கோளாக நிற்கிறது.

குலுக்கலும் வரிசையும்

மதிப்பெண் முறையின் வழக்குகளில் களைத்துப்போன அமெரிக்கா, 1980-களில் செல்போன் உரிமங்களைக் குலுக்கலில் விட்டது. பாரபட்சம் ஒழிந்தது, திறமையைப் பார்ப்பதும் ஒழிந்தது. தொழிலோடு தொடர்பே இல்லாதவர்களும் விண்ணப்பங்களைக் குவித்தனர். 1989-இல் கேப் காட் பகுதி உரிமத்தைக் குலுக்கலில் பெற்ற ஒரு குழு, அதைத் தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்கு 4.1 கோடி டாலருக்கு விற்றது. பொதுச் சொத்தின் மதிப்பு அரசுக்கும் வராமல், சேவையாளருக்கும் சேராமல் இடைத்தரகருக்குப் போனது.

'முதலில் வருவோருக்கு முன்னுரிமை' என்ற வரிசை முறையும் இதே குடும்பம்தான். தேவையைவிட அலைக்கற்றை அதிகமாக இருக்கும்வரை இது எளிய முறை, மலிவான முறை. தேவை மிஞ்சிய நாளில், வரிசையின் முன்னிடத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே முழுக் கேள்வியாகிவிடுகிறது. 2008 ஜனவரி 10-ஆம் தேதி இந்தியாவில் 2ஜி உரிமங்கள் வழங்கப்பட்டபோது நடந்தது அதுதான்.

ஏலத்தின் எழுச்சி

அலைக்கற்றை ஏலத்தின் முன்னோடி நியூசிலாந்து. 1990-இல் அது தேர்ந்தெடுத்தது இரண்டாம் விலை ஏலம்: அதிகம் கேட்டவர் வெல்வார், அவருக்கு அடுத்தவர் கேட்ட தொகையைச் செலுத்துவார். போட்டியாளர்கள் குறைவு, குறைந்தபட்ச விலையும் இல்லை. விளைவாக, ஒரு லட்சம் டாலர் கேட்டவர் ஆறு டாலர் செலுத்தி உரிமம் பெற்ற நிகழ்வும் நடந்தது. கோட்பாட்டில் பழுதில்லாத முறையும் களத்தின் நிலை பாராமல் வகுத்தால் கவிழும் என்பதை அது காட்டியது.

அமெரிக்க நாடாளுமன்றம் 1993-இல் ஏலத்துக்கு அனுமதி தந்தது. முதல் ஏலம் 1994 ஜூலையில் நடந்தது. பல உரிமங்களை ஒரே நேரத்தில், பல சுற்றுகளில், எல்லோர் கேட்பும் எல்லோருக்கும் தெரியும்படி ஏலம்விடும் முறையை வகுத்ததில் பால் மில்கிரோம், ராபர்ட் வில்சன், பிரஸ்டன் மக்கஃபி ஆகியோருக்குப் பெரும்பங்கு உண்டு. முதல் இருவரும் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று இந்தியா உட்பட பல நாடுகள் கையாள்வது இதன் வழிவந்த முறைகளையே.

2000-இல் பிரிட்டன் ஐந்து 3ஜி உரிமங்களை 2,250 கோடி பவுண்டுக்கு விற்றது. ஜெர்மனி ஏறத்தாழ 5,080 கோடி யூரோ ஈட்டியது. அதன்பின் தொழில்நுட்பப் பங்குகள் சரிந்தன, நிறுவனங்கள் கடனில் மூழ்கின, 3ஜி தாமதமானது. ஏலம்தான் காரணமா? இங்கே அறிஞர்கள் பிரிகிறார்கள். ஏலத்தொகை ஏற்கெனவே செலவான முதல், எதிர்கால லாபத்தைக் கணக்கிட்டு எடுக்கும் முதலீட்டு முடிவை அது மாற்றாது என்பது ஒரு தரப்பு. கடன் சந்தை கச்சிதமாக இயங்குவதில்லை, வட்டிச்சுமை ஏறிய நிறுவனம் டவர் கட்டுவதைத்தான் முதலில் தள்ளிப்போடும் என்பது மறுதரப்பு. முதல் வாதம் தர்க்கத்தில் வலுவானது. இரண்டாவது வாதத்துக்கு ஐரோப்பாவும் இந்தியாவும் ஓரளவு சான்று தருகின்றன.

ஏலத்தைத் தவிர்த்தாலே சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் இல்லை. ஒப்பீட்டுத் தேர்வு நடத்திய பிரான்ஸ், உரிமக் கட்டணத்தை 495 கோடி யூரோ என நிர்ணயித்தது. நான்கு உரிமங்களுக்கு இருவர்தான் முன்வந்தனர். கட்டணத்தைச் சுமார் 62 கோடியாகக் குறைக்க வேண்டியதாயிற்று. அங்கே தவறியது விலை நிர்ணயம்.

இந்திய அனுபவம்

மேலே கண்ட முறைகளில் குலுக்கலைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் இந்தியா செய்துபார்த்திருக்கிறது. பெருநகரங்களுக்குத் தகுதித் தேர்வு. 1995-இல் வட்டங்களுக்கு டெண்டர். டெண்டரில் அளவுமீறிக் கேட்டவர்களால் கட்டணம் செலுத்த முடியவில்லை. 1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை அவர்களை வருவாய்ப் பங்கு முறைக்கு மாற்றியது. வருவாயில் ஒரு விகிதத்தை அரசுக்குத் தரும் இந்த ஏற்பாடே செல்போனை வசதிபடைத்தவர்களின் கையிலிருந்து தெருமுனைக் கடைக்காரர் கைக்குக் கொண்டுவந்தது என்ற மதிப்பீடு பரவலாக உண்டு. ஆனால் வருவாய் என்பதில் எதெல்லாம் அடங்கும் என்ற தகராறையும் அதே ஏற்பாடு விட்டுச்சென்றது. அது 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக வந்து நிறுவனங்கள்மீது பெரும் பாக்கிச் சுமையை ஏற்றியது.

2008-இல் 122 2ஜி உரிமங்கள், 2001-ஆம் ஆண்டின் விலையான நாடு தழுவிய ரூ.1,658 கோடி என்ற அளவிலேயே, வரிசை முறையில் வழங்கப்பட்டன. விண்ணப்பக் கடைசித் தேதி முந்தைய தேதிக்கு மாற்றப்பட்டது. 2010-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ரூ.1.76 லட்சம் கோடி அனுமான இழப்பு என்றார். அந்த அறிக்கையே வெவ்வேறு அளவுகோல்களின்படி ரூ.57,666 கோடியிலிருந்து தொடங்கும் பல மதிப்பீடுகளைத் தந்திருந்தது; பொது விவாதத்தில் உச்சத்தொகை மட்டுமே நிலைத்தது. மத்தியப் புலனாய்வுத் துறை தன் குற்றப்பத்திரிகையில் சொன்ன இழப்பு சுமார் ரூ.30,984 கோடி. ஒரே நிகழ்வுக்கு இத்தனை எண்கள் வருவதற்குக் காரணம், நடக்காத ஏலத்தில் என்ன விலை வந்திருக்கும் என்பதை ஊகத்தால்தான் சொல்ல முடியும் என்பதே.

2012 பிப்ரவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்துசெய்தது. அதே ஆண்டு செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துக்குப் பதிலளித்த அரசியல் சாசன அமர்வு, எல்லா இயற்கை வளங்களுக்கும் ஏலம் மட்டுமே வழி என்று அரசியல் சாசனம் கட்டாயப்படுத்தவில்லை என்று தெளிவுபடுத்தியது. 2017 டிசம்பர் 21-இல் சிறப்பு நீதிமன்றம், 2008-இல் தொலைத்தொடர்பு அமைச்சராயிருந்த ஆ. இராசா, நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி உட்பட 2ஜி வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. புலனாய்வுத் துறையின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024-இல் விசாரணைக்கு ஏற்றது. இத்தீர்ப்புகளை ஒன்றுக்கொன்று முரணாக வாசிக்கும் வழக்கம் உண்டு. குற்றம் ஐயமற நிரூபிக்கப்பட்டதா என்பது ஒரு கேள்வி. நடைமுறை நியாயமாக இருந்ததா என்பது வேறொன்று. முதலாவதற்கு 'இல்லை' என்பது இரண்டாவதற்கு 'ஆம்' ஆகிவிடாது, மறுபுறமும் அப்படியே.

2010-இல் 3ஜி, அகலக்கற்றை ஏலங்கள் இரண்டும் சேர்ந்து ரூ.1 லட்சம் கோடியைத் தாண்டின. ஆனால் உரிமங்கள் ரத்தான பின் 2012 நவம்பரில் நடந்த ஏலத்தில் கிடைத்தது சுமார் ரூ.9,400 கோடிதான். அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது ஏலத்தின் உயர்ந்த அடிப்படை விலை. இதன் விளைவை மிகத் தெளிவாகக் காட்டுவது 700 மெகாஹெர்ட்ஸ். 2016-இல் அதற்கு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ரூ.11,485 கோடி விலை வைக்கப்பட்டது; ஒருவரும் கேட்கவில்லை. 2021-இல் ரூ.6,568 கோடியாகக் குறைத்தும் விற்கவில்லை. 2022-இல் ரூ.3,927 கோடிக்கு இறங்கிய பிறகே ஜியோ வாங்கியது. கிராமங்களை எட்டுவதற்கு மிகவும் ஏற்ற அலைவரிசை, விலைச்சீட்டுடன் ஆறு ஆண்டுகள் சும்மா கிடந்தது. அந்த இழப்பை எந்தத் தணிக்கை அறிக்கையும் லட்சம் கோடியில் தலைப்புச் செய்தியாக்கவில்லை.

2022 ஏலத்தில் வந்த தொகை சுமார் ரூ.1.5 லட்சம் கோடி. 2024 ஜூன் ஏலத்திலோ ரூ.96,000 கோடிக்கு மேல் மதிப்பிட்டு வைத்தும் ரூ.11,341 கோடிக்கே விற்றது. 2012-க்குப் பிந்தைய ஆண்டுகளில் போட்டியாளர் எண்ணிக்கை சுருங்கி, மூன்று தனியார் நிறுவனங்களும் பிஎஸ்என்எல்லும் மிஞ்சின. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் திவால் நடைமுறைக்குச் சென்றது. 2016-இல் ஜியோ வந்தபின் மூண்ட கட்டணப் போர், கடன், அலைக்கற்றைச் செலவு ஆகியவற்றில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். கேட்போர் இரண்டு மூன்று பேராகிவிட்டால் ஏலம் விலையைக் கண்டறியும் ஆற்றலை இழக்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அப்போது அடிப்படை விலையே இறுதி விலை. பெயர் ஏலம், நடப்பது நிர்வாக விலை நிர்ணயம்.

உரிமமே வேண்டாம் என்போர்

1985-இல் அமெரிக்க ஆணையம், நுண்ணலை அடுப்பு போன்ற கருவிகள் இயங்கும் 'குப்பை' அலைவரிசைகளில் உரிமமின்றித் தகவல்தொடர்புக்கு அனுமதித்தது. பின்னாளில் வைஃபையும் புளூடூத்தும் அங்கே வளர்ந்தன. இதை வைத்து யோக்காய் பென்க்லர், லாரன்ஸ் லெசிக் போன்றோர், நுட்பமான கருவிகள் இருக்கும்போது உரிமை எல்லைகளே தேவையில்லை, அலைக்கற்றையைப் பொதுவெளியாக விடலாம் என்றனர். தாமஸ் ஹாஸ்லெட் போன்ற சொத்துரிமைவாதிகளின் பதில்: வைஃபை குறுந்தொலைவில், குறைந்த ஆற்றலில் இயங்குவதால்தான் நெரிசல் தாங்குகிறது, மாநிலம் முழுக்கச் சேவை தர வேண்டியவர் குறுக்கீட்டுக்கு உத்தரவாதம் இல்லாத இடத்தில் முதலீடு செய்யமாட்டார்.

இரு தரப்பும் தத்தம் எல்லைக்குள் சரியாகவே தோன்றுகின்றன. இந்தியா 2.4 கிகாஹெர்ட்ஸை 2005-இலும் 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியை 2018-இலும் உரிமத்திலிருந்து விடுவித்தது. இன்றைய போர்க்களம் 6 கிகாஹெர்ட்ஸ். அமெரிக்கா 2020-இல் 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதையும் உரிமமற்ற பயனுக்குத் திறந்தது. செல்போன் நிறுவனங்களோ அதன் மேற்பாதியைத் தமக்குக் கேட்கின்றன. கீழ்ப்பாதியை மட்டும் விடுவிக்கும் வரைவு விதிகளை இந்தியா 2025-இல் வெளியிட்டது.

இடைவழிகள்

கடந்த பத்தாண்டின் புதுமைகள் பெரும்பாலும் கலப்பு முறைகள். அமெரிக்கா 3.5 கிகாஹெர்ட்ஸில் மூன்று அடுக்கு ஏற்பாடு செய்தது: கடற்படை ராடாருக்கு முதலுரிமை, ஏலத்தில் வாங்கியவருக்கு அடுத்தது, மிச்சம் எல்லோருக்கும். யார் எப்போது ஒதுங்க வேண்டும் என்பதை மென்பொருள் தீர்மானிக்கிறது. ஜெர்மனி 2019 முதல் 3.7 - 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் உள்ளூர் உரிமமாகப் பெறவிட்டது. இந்தியாவில் தனியார் 5ஜி வலையமைப்புக்கு இவ்வாறு நேரடியாக அலைக்கற்றை தரும் யோசனையைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எதிர்த்துவருகின்றன. பிரேசில் 2021-இல் நடத்திய 5ஜி ஏலத்தில் மதிப்பின் பெரும்பகுதியைக் கருவூலத்துக்கு எடுக்காமல், சிற்றூர்ச் சேவை, நெடுஞ்சாலைச் சேவை, பள்ளி இணைப்பு எனக் கடமைகளாக மாற்றியது. தகுதித் தேர்வின் நோக்கத்தை ஏலத்தின் வெளிப்படைத்தன்மைக்குள் வைக்கும் முயற்சி இது. அதன் வெற்றி, கடமை நிறைவேற்றத்தைக் கண்காணிக்கும் நிர்வாகத் திறனைப் பொறுத்தது; ஸ்வீடனின் பாடம் இங்கும் பொருந்தும்.

செயற்கைக்கோள் எழுப்பும் பழைய கேள்வி

2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் ஏலத்தை விதியாகவும், முதல் அட்டவணையில் சொன்ன பயன்களுக்கு நிர்வாக ஒதுக்கீட்டை விலக்காகவும் வைத்தது. சில செயற்கைக்கோள் சேவைகள் அந்த அட்டவணையில் வருகின்றன. ஒரே அலைவரிசையைப் பல செயற்கைக்கோள்கள் ஒருங்கிணைந்து பகிரலாம் என்பதும், பன்னாட்டுச் சேவையை நாடு நாடாக ஏலம்விட்டால் சிதறும் என்பதும் விலக்குக்கான காரணங்கள். அமெரிக்காவும் 2000-இல் பன்னாட்டுச் செயற்கைக்கோள் அலைக்கற்றையை ஏலம்விடுவதைச் சட்டத்தால் தடுத்தது. ஆனால் நகர வாடிக்கையாளருக்கும் அதே இணையத்தை விற்கும்போது, ஏலத்தில் கோடிகள் செலுத்திய தரைவழி நிறுவனங்கள் சமதளம் கேட்பதை ஒதுக்கிவிட முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 மே மாதம், செயற்கைக்கோள் சேவைக்குச் சரிக்கட்டிய மொத்த வருவாயில் 4 சதவீதக் கட்டணமும் ஐந்தாண்டு ஒதுக்கீடும் பரிந்துரைத்தது. செயற்கைக்கோள் நேராகச் சாதாரண செல்போனுடன் பேசும் சேவை வளர்ந்தால், தரை, வான் என்ற பிரிவே சட்டத்தில் நிற்குமா என்பது சந்தேகம்.

மதிப்பீடு

ஏலம் மற்ற முறைகளைவிட ஒரு வகையில் தெளிவாக மேலானது: போட்டி இருக்கும்போது 'யாருக்கு' என்ற கேள்விக்கு, காரணம் எல்லோரும் பார்க்கும்படி விடை தருகிறது. எவ்வளவு அலைக்கற்றையை, எப்போது, எத்தனை ஆண்டுக்கு, என்ன கடமையோடு, என்ன அடிப்படை விலையில் விடுவது என்பவற்றுக்கு அது விடை தருவதில்லை. நியூசிலாந்தின் ஆறு டாலர், பிரான்சின் கட்டணக் குறைப்பு, இந்தியாவின் 700 மெகாஹெர்ட்ஸ் மூன்றிலும் தவறியவை இந்த முடிவுகள்தாம். முறையின் பெயரைவிட அதைச் சூழ்ந்த விதிகளே விளைவைத் தீர்மானிக்கின்றன என்று இதுவரையிலான அனுபவம் சொல்வதாகக் கொள்ளலாம்.

தீராத கேள்விகள் மூன்று. மூன்றே நிறுவனங்கள் உள்ள சந்தையில் நியாயமான அடிப்படை விலையை எதை அளவுகோலாக வைத்துக் கண்டறிவது? பயன்படுத்தாமல் வைத்திருப்பவரிடமிருந்து அலைக்கற்றையைத் திரும்பப் பெறும் விதியை, முதலீட்டாளர் நம்பிக்கை குலையாமல் எப்படி அமல்படுத்துவது? அரசின் வருவாய், மலிவான சேவை, கிராமத்துச் சேவை மூன்றும் மோதும்போது எதற்கு முதலிடம்? முதல் இரண்டுக்குப் பொருளியலும் பொறியியலும் காலப்போக்கில் மேம்பட்ட விடைகள் தரக்கூடும். மூன்றாவது அரசியல் முடிவு. அதை ஏல விதிகளுக்குள் மறைத்துவைக்காமல், நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக விவாதித்து எடுப்பதே 6ஜிக்கு முன் செய்யத்தக்கது.